மைக்ரோடெலீஷன்: நுண்நீக்கமா, நுண்விடுபடலா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'மைக்ரோடெலீஷன்' (குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருப்பது) என்பதற்கு ஐயா சொன்ன 'நுண்நீக்கம்' எனக்கு ஒப்பவில்லை. எழும்பூரில் ஒரு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்வது என் வேலை. போன மாதம் வந்தவருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லை, ஒய் குரோமோசோமில் மைக்ரோடெலீஷன். நானும் 'ஒரு பகுதி நீக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்லிவிட்டேன். "யாரு மேடம் நீக்கினது? சின்ன வயசுல ஹெர்னியா ஆபரேஷன் பண்ணாங்களே, அப்பவா?" என்று கேட்டார். கூட வந்திருந்த அவர் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். வேலைநீக்கம், பெயர் நீக்கம் என்று எதை எடுத்தாலும் நீக்கியவர் ஒருவர் உண்டே.

'நுண்ணிழப்பு' என்றால், முன்பு இருந்து பிறகு போனது போலாகிவிடும். அவருக்கோ கருவிலேயே இல்லை.

என் பரிந்துரை 'நுண்விடுபடல்'. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போகிறதே, அந்தச் சொல்தான். ஏட்டைப் படியெடுப்பவர், ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவி நடுவில் இருப்பதை விட்டுவிடுவார், இல்லையா? இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஒய் குரோமோசோமில் ஒரே மாதிரியான தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அவை தவறாக ஒன்றோடொன்று இணைந்துகொண்டால் இடையில் உள்ள துண்டு விடுபட்டுவிடுகிறது. பெரும்பாலும் அப்பாவிடம் இருக்காது, மகனிடம் புதிதாக வருவது, அதனால் பரம்பரையைக் குறை சொல்லவும் இடமில்லை.

'நுண்' இருக்கட்டும். 1976இல் இத்தாலிய மரபியலாளர்கள் தியெப்போலோவும் சுஃபார்தியும் ஒய் குரோமோசோமில் கண்டது நுண்ணோக்கியிலேயே தெரிந்த பெரிய விடுபடல். இன்று பிசிஆர் (டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) வைத்துத் தேடுவது நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு.

ஆனால் ஒய் குரோமோசோமில் விந்தணு உருவாகத் தேவையான ஏ, பி, சி பகுதிகளை அ, ஆ, இ என்று மாற்றும் யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஏ பகுதி முழுதும் விடுபட்டவருக்கு விரையில் ஊசி செலுத்தி விந்தணு எடுக்கத் தேடுவதில் பயனில்லை, சி மட்டும் விடுபட்டவர்களில் பலருக்குக் கிடைக்கிறது, இக்ஸி (ஒரு விந்தணுவை நேரே கருமுட்டைக்குள் செலுத்துவது) முறையில் குழந்தையும் பிறக்கிறது, ஆண் குழந்தை என்றால் அவனுக்கும் அதே விடுபடல் போகும். ரிப்போர்ட்டில் உள்ள எழுத்தோடு நம் எழுத்து பொருந்தாவிட்டால் ஒரு குடும்பம் தவறான முடிவெடுத்துவிடும்.

அப்புறம், இதை 'ஆண்மைக்குறைவு' என்ற தலைப்பின் கீழ் போட்டிருக்கிறீர்கள். அது வேறு, விந்தணுவின்மை வேறு. என்னிடம் வந்தவருக்குத் தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை.

சந்தியில் தவறு இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அவர் அம்மாவை மறுபடி அழைத்துவருகிறார்.