தட்டுவடைக்கார அம்மா படத்துக்குக் கீழே ‘முனியம்மா’, ‘கேரன்’: பின்னூட்ட விதியை எப்படி எழுதுவது?

ஐந்துரோடு (கேள்வி)

சேலம், ஏற்காடு தெருவோரக் கடைகளைப் படம் எடுத்துப் போடும் பக்கம் ஒன்றுக்குப் பின்னூட்ட விதி எழுத வேண்டியிருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றிலும் ஓடுகிற பக்கம். தட்டுவடை செட் போடும் அம்மா, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சுடும் அம்மா, உழவர் சந்தையில் கீரை விற்கும் ஆயா என்று ஐம்பது வயது தாண்டிய பெண்கள் யார் படத்தில் வந்தாலும் கீழே ஒரே சரக்குதான்: “முனியம்மா மேக்கப் போட்டாச்சு”, “குப்பாயி இன்டர்வியூ”, “மூதேவி மூஞ்சியப் பாரு”. விலையைக் குறைத்துக் கேட்டவருக்குச் சற்றுக் கடுப்பாகப் பதில் சொன்ன அம்மாவுக்கு “சேலத்து கேரன்” என்று பட்டம் (கேரன்: அடாவடி செய்யும் நடுவயது வெள்ளைக்காரியைக் கிண்டல் செய்ய அமெரிக்காவில் சொல்லும் பெயர்).

“ஆபாச வார்த்தை கூடாது” என்பது இப்போதைய விதி. இதில் ஆபாசம் எதுவும் இல்லை, எல்லாம் பெயர்தான். அதனால் எதுவும் சிக்குவதில்லை. பெயரையே தடை செய்தால் அந்தப் பெயர் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? கேரன் என்பது நிறவெறியைக் கண்டிக்க வந்த சொல் என்கிறார்கள், அதையும் சேர்க்கலாமா? ஆண்களைக் கிண்டல் செய்வதையும் இதே விதிக்குள் கொண்டுவர முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஒண்டிக்கடை

கேரனை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

காதரின் என்ற பெயருக்கு டேனிஷ் மொழியில் உள்ள வடிவம் அது. அமெரிக்காவில் 1965இல் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் 3ஆம் இடத்தில் இருந்தது. பிறகு இறங்கிவிட்டது. ஆகவே 2020இல் அங்கே கேரன் என்றாலே ஐம்பதைத் தாண்டியவர் என்று கேட்பவருக்குப் புரியும். பெயர் எப்படி வயதைச் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

நிறவெறிக் கதையும் உண்மைதான். வெள்ளைக்காரி ஒருத்தி தன் நிறத்தின் பலத்தில் கறுப்பினத்தவரை மிரட்டுவதைக் குறிக்க, அவர்களிடையே ‘மிஸ் ஆன்’ என்ற பழைய பெயர் இருந்தது. பிறகு ‘பெக்கி’ வந்தது. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கட்டி வைக்கச் சொன்ன கறுப்பினப் பறவை ஆர்வலர் மீது ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீசுக்குப் போன் செய்தார். அதே நாளில்தான் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்தார். அதற்குப் பிறகு கேரன் என்ற சொல் உலகம் முழுக்கப் போனது. இனவெறியோடு பொய்யாகப் போலீசை அழைப்பதற்கு எதிராகச் சான் பிரான்சிஸ்கோ நகரம் அதே ஆண்டு அக்டோபரில் கொண்டுவந்த சட்டத்துக்கே, அந்தப் பெயர் ஒலிக்கும்படி எழுத்துகளைக் கோத்துப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கூர்மை சீக்கிரமே மழுங்கிவிட்டது. மேலாளரைக் கூப்பிடச் சொல்பவர், ஒரு மாதிரி முடி வெட்டியவர், கடைசியில் எதற்காகவாவது புகார் சொல்லும் நடுவயதுப் பெண் யாராக இருந்தாலும் கேரன். 2020இல் அந்தப் பெயர் 831ஆம் இடத்துக்குப் போய்விட்டது. பெற்றவர்களுக்கு வைக்க மனம் வருமா?

இப்போது உங்கள் பக்கத்துக்கு வாருங்க. அந்தச் சொல் ஏற்காடு மலை ஏறி வரும்போது நிறவெறி, போலீஸ், துப்பாக்கி எல்லாம் அடிவாரத்திலேயே இறங்கிவிடுகின்றன. மேலே வந்து சேர்வது ‘வயதானவள், பெண், எதிர்த்துப் பேசுகிறாள்’ என்ற மூன்றும்தான். இன்னொன்றையும் பாருங்க. அங்கே கேரன் என்பவள் வாடிக்கையாளர். கடையில் நிற்கும் பணியாளரை மிரட்டுபவள். உங்கள் படத்தில் அந்த அம்மாதான் கடையில் நிற்கிறார், கையில் கேமராவோடு வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். யார் யாரை கேரன் என்கிறார்கள்? அதனால் சேர்த்துவிடுங்க. அமெரிக்கச் செய்தியை யாராவது பேசினால் அது வேறு. அதை ஆள் பார்த்து முடிவு செய்யலாம்.

குகை

தமிழ்ப் பெயர்களுக்கு நான் வருகிறேன்.

பாவாயி, பொன்னாயி, குப்பாயி, பெருமாயி, அங்காயி, பழனியம்மாள், மாரியம்மாள், முனியம்மாள்: நம் சுற்றுவட்டாரத்தில் இவை பாட்டி தலைமுறைப் பெயர்கள். ‘ஆயி’ என்றால் தாய். முனியம்மாள் என்பது குலசாமி பெயர். வெண்ணங்கொடி முனியப்பன் கோயில் இருக்கிற ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குப்பாயிக்குப் பின்னால் உள்ள வழக்கம் தெரிந்தால் கிண்டல் செய்யக் கை வராது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று பெயர் வைப்பார்கள். ‘இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமன் விட்டுவிட்டுப் போகட்டும்’ என்ற கணக்கு. பிச்சை, பிச்சாயியும் அப்படித்தான். போதும்பொண்ணு, வேண்டாம் போன்றவை வேறு வகை. அவை பெண்ணாகப் பிறந்ததற்கே வைத்த பெயர்கள். பிறந்த அன்றே ஒருமுறை வாங்கியதை அறுபது வயதில் பின்னூட்டத்தில் மறுபடி வாங்குகிறார்கள். வயதோடு சாதியும் ஏழ்மையும் இந்தப் பெயர்களில் ஒட்டியிருக்கின்றன. சொல்பவருக்கு அது தெரியாமலும் இல்லை.

மூதேவி தனிக்கதை. மூத்த தேவிதான் மூதேவி. பெண், வயது, வசை மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தது உலகில் வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பார்க்கலாம்! ஒரு காலத்தில் இவள் கும்பிட்ட சாமி. திருப்பரங்குன்றத்தில் பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், சேட்டை என்ற பெயரில் அவளுக்குக் குடைவரைச் சந்நிதி எடுத்தார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் உருவம் இருக்கிறது. பெருத்த வயிறு, காக்கைக் கொடி, பக்கத்தில் மாட்டுத்தலையோடு மகன், இன்னொரு பக்கம் மகள். குறள் 167 அவளைத் ‘தவ்வை’ என்கிறது. அக்காள் என்று பொருள். பொறாமைக்காரனைத் திருமகள் தன் அக்காளிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாளாம். தொண்டரடிப்பொடியாழ்வார் ‘சேட்டைதன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே’ என்று கேலி செய்கிறார் என்றால், அவர் காலத்தில் செல்வம் கேட்டு அவளிடம் போனவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம். தங்கை கோயிலில் இருக்கிறாள், அக்காள் வசையில் இருக்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டை

எல்லாம் சரிங்க. ஆனால் ஆம்பளைங்களையும்தான் ‘பூமர் அங்கிள்’ என்கிறார்கள். எட்டப்பன், சகுனி எல்லாம் ஆண் பெயர்தானே? ஜெர்மனியில் கெவின் என்று பையனுக்குப் பெயர் வைத்தால் வாத்தியாரே மட்டமாகப் பார்க்கிறாராம். பெண்ணுக்கு மட்டும் விதி போட்டால் நாளைக்கே பக்கத்தில் சண்டை வரும்.

குகை

விதியை எல்லோருக்கும் பொதுவாகப் போடுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. கெவின் விவகாரமும் சரிதான். 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வில் ஓர் ஆசிரியர் ‘கெவின் பெயரல்ல, நோயறிதல் முடிவு’ என்று எழுதியது அங்கே பெரிய பேச்சானது. ஆனால் அது வர்க்கம். வயது அதில் இல்லை. பெயருக்குரியவன் சின்னப் பையன்.

நீங்கள் சொன்ன நம் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்க. எட்டப்பன் என்றால் காட்டிக்கொடுத்தவன். சகுனி என்றால் சூழ்ச்சிக்காரன். அவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் காரியம் அந்தப் பெயரில் இருக்கிறது. பெண் பக்கம் வந்தால்? சகுனி செய்த அதே வேலையைச் செய்த மந்தரைக்கு வசையில் மந்தரை என்ற பெயர்கூட மிஞ்சவில்லை, வளைந்த முதுகுதான் மிஞ்சியது: கூனி. சூர்ப்பணகை, தாடகை என்றால் தோற்றம். நல்லதங்காள் என்றால் அழுமூஞ்சி. அல்லி என்றால் ஆட்சி செய்த குற்றம். வீட்டில் பெண் சொல் எடுபட்டால் ‘அல்லி ராஜ்யம்’. முனியம்மா என்ன செய்தாள்? ஒன்றும் இல்லை. வயதாகி, கிராமத்தில் இருந்தாள்.

குப்பன், சுப்பன் என்று ஆண்களைச் சொல்வோம், சாதாரண மனுஷன் என்ற பொருளில். ‘குப்பனுக்கும் சுப்பனுக்கும் பயன் கிடைக்கணும்’ என்று மேடையிலேயே பேசலாம். குப்பாயியை அப்படி யாராவது மேடை ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

சந்தேகம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலிருந்து இறக்குங்க. ஒரு பாகத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருப்பார்கள். பிடிஎஃப் படமாகத்தான் வரும், அதில் தேட முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். 55 வயதுக்கு மேற்பட்ட பெண் பெயர்களையும் 30க்குக் கீழே உள்ளவற்றையும் தனித்தனியாக எண்ணுங்க. எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க, பட்டியலை எங்கும் ஒட்டாதீங்க. கிண்டலுக்குப் பயன்படும் பெயர்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

பட்டைக்கோவில்

வடிகட்டி வேலையைப் பார்ப்போம். யூடியூபில் தடுக்கப்பட்ட சொற்கள் பட்டியல் உண்டு. அதில் உள்ள சொல் வந்தால் பின்னூட்டம் உங்கள் பார்வைக்கு நிறுத்தி வைக்கப்படும். இன்ஸ்டாகிராமில் மறைக்கப்பட்ட சொற்கள் என்ற அமைப்பில் நீங்களே சொற்களைச் சேர்க்கலாம், இடையில் காற்புள்ளி போட்டு. ஃபேஸ்புக் பக்கத்திலும் சொல் பட்டியல் கொடுக்கலாம். ஆனால் தமிழில் எங்கே சொதப்பும் என்று தெரிந்துகொண்டு போடுங்க. சில இடங்களில் முழுச் சொல்லைத்தான் பார்க்கும், சில இடங்களில் சொல்லின் துண்டையும் பிடிக்கும். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

‘ஆயி’ என்று போட்டால் குப்பாயி சிக்காது, ஏனென்றால் அதில் ஆ என்ற எழுத்தே இல்லை, பா-வும் யி-யும்தான். சிக்குவது ‘ஆயிரம் ரூபாய்’. ‘ஆண்டி’ என்று போட்டால் ‘2019ஆம் ஆண்டில் சாப்பிட்டேன்’ என்பதும் மறையும். ‘ஆண்ட்டி’, ‘ஆன்ட்டி’ என்று முழுசாகப் போடுங்க. ‘கூனி’ போட்டால் கூனி இறால் கருவாடு பற்றி எழுதுகிறவர் மாட்டுவார், உங்களுடையது சாப்பாட்டுப் பக்கம். புத்திசாலித்தனமாக ‘முனிய’, ‘மாரிய’ என்று பாதியில் வெட்டிப் போட்டால் முனியப்பன் கோயில் கெடா விருந்தும், ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாப் பின்னூட்டம் மொத்தமும் காணாமல் போகும்.

விகுதிகளையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்: மூதேவி, மூதேவியே, மூதேவிங்க, மூதேவிக்கு. ‘முதேவி’ என்ற தப்பும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று வடிவம். பொன்னாயியில் உள்ள ‘பொ’வைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும் சில இரண்டு குறிகளாகவும் அடிக்கும், திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இயந்திரத்துக்கு வேறு. இரண்டு போனிலிருந்து அடித்து இரண்டையும் ஒட்டுங்க.

மூதேவியைத் தவிர வேறு எந்தப் பெயரையும் நேரடியாக மறைக்க வேண்டாம். முனியம்மா, குப்பாயி, கேரன் எல்லாம் ‘பார்த்துவிட்டு விடு’ வரிசையில் இருக்கட்டும். ‘முனியம்மா அக்கா கடை எத்தனை மணி வரை?’ என்ற பின்னூட்டம் வந்தால் விட வேண்டும் இல்லையா? பார்க்கும்போது ஒரே கேள்விதான்: அந்தப் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது குறை இருக்கிறதா? ‘கேரன், செட்டுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குச்சு’ என்றால் விலைக்குறை இருக்கிறது. பெயரை நீக்கித் திரும்பப் போடச் சொல்லுங்க. ‘மேக்கப் போட்ட முனியம்மா’வில் ஒன்றும் மிஞ்சாது, நீக்கிவிடலாம்.

விதியை இப்படி எழுதலாம்: “படத்தில் உள்ளவருக்கு அவருடையதல்லாத பெயரைச் சூட்டி எழுதும் பின்னூட்டம் நீக்கப்படும். வயதையோ தோற்றத்தையோ சொல்லித் திட்டுவதும் நீக்கப்படும். ஆண், பெண் யாருக்கும் இது பொருந்தும். விலை, சுவை, சுத்தம், பேச்சு பற்றிய குறையைத் தாராளமாக எழுதலாம்.” செவ்வாய்ப்பேட்டைக்காரரின் பூமர் அங்கிளும் இதில் அடங்கிவிடும். ‘மரியாதையாக எழுதவும்’ என்று மட்டும் போட்டுவிடாதீங்க; எது மரியாதை என்று நூறு பேர் வாதாட வருவார்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 79ஆம் பிரிவு (2024 ஜூலை 1க்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டம் 509) பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கோடு சொல்வதற்கானது, மூன்று ஆண்டு வரை சிறை. முனியம்மா கிண்டல் அந்த அளவுக்குப் போவது கஷ்டம். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் கதை வேறு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரலாம். அப்படி ஒன்று வந்தால் நீக்கும் முன் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

ஐந்துரோடு

நன்றிங்க. ‘ஆயா’ ஒன்றுதான் இழுக்கிறது. பாதிப் பேர் பாசமாக எழுதுகிறார்கள், பாதிப் பேர் குத்துகிறார்கள்.

குகை

இங்கே ஆயா என்றால் பாட்டி, உறவுமுறை. பட்டியலில் சேர்க்காதீங்க. சொல்லை விட்டுவிட்டு வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்க. ‘ஆயா, இன்னும் ரெண்டு செட் குடுங்க’ என்றால் ‘ங்க’ இருக்கிறது. ‘ஆயாவுக்கு லிப்ஸ்டிக் எதுக்குடி’ என்றால் ‘டி’ இருக்கிறது. அதை எந்த வடிகட்டியிலும் போட முடியாது, ‘டி’ போட்டால் டீக்கடையைத் தவிர எல்லாம் போய்விடும்.

பட்டைக்கோவில்

ஆமாம், இட்டிலி ‘ட்டி’யும் போகும். ஆட்கள் முறை வைத்துப் பாருங்க, பெண்கள் படம் போட்ட முதல் இரண்டு மணி நேரம் மட்டும் உட்கார்ந்தால் போதும். முதல் நாலு பின்னூட்டம் எப்படி விழுகிறதோ, பின்னால் வருகிறவர்கள் அதே பாட்டைத்தான் பாடுவார்கள்.