கோட்டைப்பட்டினத்தில் பார்த்த ஆவுளியா

மதுரையில் எனக்கு மீன் வியாபாரம். கரிமேட்டில் கடை போட்டிருந்த காலத்திலிருந்தே கோட்டைப்பட்டினத்துச் சரக்குதான் எடுக்கிறேன். மூன்று வருஷம் முன்னால் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். சரக்கு தருகிற பாய், "வாங்கண்ணே, வலை எடுத்துட்டு வந்துருவோம்" என்று படகில் ஏற்றிக்கொண்டார்.

போட்டிருந்தது திருக்கை வலை. பாதி ஏறியதும் ஒரே கனம். ஆமை என்றுதான் நினைத்தோம். கூட வந்த பையன்தான் "ஆவுளியா!" என்று கத்தினான். நாம் கடல் பசு என்கிறோமே, அதுதான்.

பாய் வலையோடு சேர்த்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். தடித்த மேலுதடு, அதில் துடைப்பக் குச்சி போல முடி. இறுக மூடியிருந்த மூக்குத் துவாரம் இரண்டும் திறந்து 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. என் முகத்திலேயே பட்டது. மீன் இல்லையே அது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டித்தான் சாகும். பாய் யோசிக்கவே இல்லை, கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். சற்றுத் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்த குட்டி ஓடிவந்து தாயின் துடுப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. பால் காம்பு அங்கேதானாம்.

ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் மூன்று முதல் ஏழு வருஷம் இடைவெளி. ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும்! 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். ரொம்ப நல்ல காரியம். சிக்கியதை விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் தருகிறது. ஆனால் மதுரையில் அந்தக் கறிக்கு ஆள் இருந்தால், அங்கே யாரோ ஒருவருக்கு வலையை அறுக்க மனசு வராது. அது நம் ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

போன மாதம்கூட ஒரு பெரியவர் கடைக்கு வந்து, மூட்டு வலிக்கு நல்லது என்று தணிந்த குரலில் கேட்டார். அது குற்றம், ஜெயில் என்றெல்லாம் சொன்னேன், அசையவில்லை. சரி, உட்காருங்க ஐயா என்று ஸ்டூலைப் போட்டு, அந்த மூச்சையும் குட்டியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "குட்டி பிழைச்சிருக்கும்ல?" என்று கேட்டார்.