அமோனியம் மட்டும் கொடுத்தால் ராகி செல்கள் பழுப்பாகின்றன, நைட்ரேட் ரிடக்டேஸும் இல்லை

காவேரிப்பட்டணம்:
வணக்கம். பையூர் 2 ராகி ரகத்தின் காலஸிலிருந்து (திசு வளர்ப்பில் உருவாகும் செல் திரள்) எடுத்த சஸ்பென்ஷன், அதாவது திரவ ஊடகத்தில் மிதக்கும் செல்கள். மூன்று ஊடகம்: வழக்கமான எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக், நைட்ரேட்டும் அமோனியமும் சேர்ந்தது), பொட்டாசியம் நைட்ரேட் மட்டும் 40 மில்லிமோலார், அமோனியம் குளோரைடு மட்டும் 20. நாலாம் நாள் அமோனிய ஃபிளாஸ்க் பழுப்பு, பிஎச் 3.8, ரிடக்டேஸ் (நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் நொதி) சுத்தமாக இல்லை. எம்எஸ்ஸிலும் நைட்ரேட் ஃபிளாஸ்க்கைவிடக் குறைவு. அளவீட்டில் தப்பா, செல்லே அப்படியா?

பாலக்கோடு:
தம்பி, இரண்டு சிக்கல் கலந்து கிடக்கிறது. பழுப்புக்குக் காரணம் அமிலம். செல் அமோனியத்தை எடுக்கும்போது வெளியே புரோட்டான் சேரும். நைட்ரேட்டை எடுக்கும்போது பிஎச் ஏறும், அதனால்தான் எம்எஸ் தாங்குகிறது. எம்இஎஸ் பஃபர் உதவாது, 5-க்குக் கீழே அதற்குப் பிடிமானம் இல்லை. சக்சினிக் அமிலம் 10 மில்லிமோலார் சேர்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் 5.6-க்குக் கொண்டுவந்து ஆட்டோகிளேவ் பண்ணுங்கள்.

ரிடக்டேஸ் கதை வேறு. அதைத் தூண்டுவது நைட்ரேட். அமோனியமும் அதிலிருந்து உருவாகும் குளுட்டமினும் அடக்கும். எம்எஸ்ஸில் அமோனியம் குறையக் குறைய ரிடக்டேஸ் ஏறலாம், ஆகவே 2, 4, 6, 8 என நாள் பிரித்துப் பாருங்கள். மொத்த நைட்ரஜனும் 60, 40, 20 என்று மூன்று விதமாக இருக்கிறது. எல்லாவற்றையும் 20-க்கு வைத்து, குறையும் பொட்டாசியத்தைப் பொட்டாசியம் குளோரைடால் நிரப்புங்கள்.

ஊத்தங்கரை:
அளவீட்டிலும் நொதி செத்துப்போகும். வடிகட்டிய கையோடு செல்லைத் திரவ நைட்ரஜனில் போடுங்கள். ஐஸில் வைத்த பாஸ்பேட் பஃபர் பிஎச் 7.5, ஈடிடிஏ 1, டைதையோத்ரைட்டால் (டிடிடி) 5 மில்லிமோலார், பீனாலைப் பிடிக்கும் பிவிபிபி தூள் 1 சதவீதம்; இதில் அரையுங்கள். பழுப்புச் செல்லின் பீனால் நொதியைக் கவ்விக்கொள்ளும், அதற்குத்தான் பிவிபிபி. புரோட்டியேஸிலிருந்து காக்கக் கேசீன் போடுபவர்கள் உண்டு; போட்டால் பிராட்ஃபோர்டு சோதனையில் புரத அளவு பொய்யாகும், அதைவிட லியூபெப்டின் என்ற புரோட்டியேஸ் தடுப்பான் மேல். வினைக்கு 30 டிகிரியில் 15 நிமிடம், நைட்ரேட் 10, என்ஏடிஹெச் 0.2 மில்லிமோலார். ஜிங்க் அசிடேட் போட்டு நிறுத்தி, உண்டான நைட்ரைட் தரும் சல்ஃபனிலமைடு நிறத்தை 540 நானோமீட்டரில் படியுங்கள். பூஜ்ய நிமிட பிளாங்க் கட்டாயம்.

இன்னொன்று: நம்ம பக்க போர்வெல் தண்ணீரை ஆர்ஓ பண்ணினாலும் கொஞ்சம் நைட்ரேட் தங்கலாம். அமோனிய ஊடகத்துக்கு இரட்டை வடிநீர்தான். இனாகுலத்தையும் (புதிய ஃபிளாஸ்க்கில் விதைக்கும் செல்களையும்) நைட்ரேட் இல்லாத ஊடகத்தில் இரண்டு தடவை அலசிப் போடுங்கள்.

காவேரிப்பட்டணம்:
நன்றி அண்ணா. ஜிடிஹெச் (குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸ் நொதி) மட்டும் அமோனியத்தில் எகிறுகிறது. அமோனியத்தை அமினோ அமிலத்தில் சேர்ப்பது அதுதானா?

பாலக்கோடு:
அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். சர்க்கரை தீர்ந்தாலும் ஜிடிஹெச் ஏறும். மீதிச் சர்க்கரையை முதலில் அளங்கள். பிறகு மெத்தியோனின் சல்ஃபாக்சிமின் 1 மில்லிமோலார் கொடுங்கள். அது அமோனியத்தைக் குளுட்டமினாக்கும் குளுட்டமின் சிந்தடேஸை அடைக்கும், ஜிடிஹெச்சைத் தொடாது. செல்லுக்குள் அமோனியம் தேங்கினால் வழி சிந்தடேஸ்தான். சிந்தடேஸை அளக்க, செல்லை டிரிஸ் பஃபரில் தனியாக அரையுங்கள். பாஸ்பேட் இருந்தால், நிறம் வர ஃபெரிக் குளோரைடு ஊற்றியதும் கலங்கிவிடும்.