இரு நியூக்ளியான் மின்னோட்டம்: ரிஸ்கா முறையா, கைரலா?

அலைச்சார்பு:
வெப்ப நியூட்ரானைப் புரோட்டான் பிடித்து டியூட்டிரான் ஆகும் வினை. ஆர்கோன் வி18 (நியூக்ளியான் விசையின் ஒரு மாதிரி) அலைச்சார்பில் ஒற்றை நியூக்ளியான் மின்னோட்டம் மட்டும் போட்டால், வினை நிகழும் வாய்ப்பைச் சொல்லும் குறுக்குவெட்டு சுமார் 304 மில்லிபார்ன் வருகிறது. அளந்தது 334.2. மிச்சம் இரு நியூக்ளியான்கள் சேர்ந்து தரும் மின்னோட்டத்தினுடையது. அதற்கு எது நல்லது: விசையிலிருந்தே மின்னோட்டத்தை எடுக்கும் ரிஸ்கா முறையா, படிப்படியாக விரித்துக் கணக்கிடும் கைரல் கோட்பாடா?

தீட்டா_பை:
ரிஸ்கா முறைதான். ரிஸ்காவும் பிரவுனும் 1972-லேயே காட்டியாயிற்று: அந்த 10 சதவீதம் பையான் பரிமாற்றமும் டெல்டா கிளர்வும் (நியூக்ளியான் கிளர்ந்த நிலைக்குப் போவது) தருவது. விசையின் ஐசோஸ்பின் (புரோட்டான், நியூட்ரானைப் பிரித்துக் காட்டும் பண்பு) உறுப்பு மின்சுமைச் செயலியோடு கம்யூட் ஆகாது, அதாவது வரிசையை மாற்றினால் விடை மாறும். ஆகவே ஒற்றை நியூக்ளியான் மின்னோட்டத்தை மட்டும் வைத்தால் தொடர்ச்சிச் சமன்பாடு (மின்சுமை அழியாது என்பதன் வடிவம்) உடையும். ரிஸ்கா முறையில் வி18-இன் சுழற்சி, டென்சர் உறுப்புகளிலிருந்தே பரிமாற்ற மின்னோட்டத்தை எடுக்கிறோம். புதிய அளபுரு கிடையாது.

லூப்_கணக்கன்:
அது நெட்டாங்குப் பகுதிக்கு மட்டும். குறுக்குப் பகுதியைத் தொடர்ச்சிச் சமன்பாடு கட்டுப்படுத்தாது, இந்தக் கவர்வோ எம்1 (காந்த இருமுனை மாற்றம்). மின்னோட்டத்துக்குப் பதில் மின்சுமையை வைத்துக் கணக்கிடவிடும் ஸீகர்ட் தேற்றம் ஈ1-க்கு (மின் இருமுனை மாற்றம்) உதவும், இங்கே உதவாது. டெல்டாவையும் ரோ-பை-காமாவையும் (ரோ மெசான், பையான், ஃபோட்டான் மூன்றும் சேரும் உறுப்பு) நீங்கள் கையால்தானே போடுகிறீர்கள்? கைரலில் வரிசை தெளிவு: ஒற்றை நியூக்ளியான், அடுத்த படியில் ஒரு பையான், அதற்கும் இரண்டு படி தள்ளி இரு பையான் வளையங்களும் தொடு உறுப்புகளும் (மிகக் குறுந்தூரப் பங்குகள்).

தீட்டா_பை:
அந்தத் தொடு மாறிலிகளை இதே 334-க்குப் பொருத்திவிட்டு 334 வந்தது என்றால் யார்தான் தோற்பார்கள்? சும்மா பொருத்தினால் அவை அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. அடக்குவதற்காக டெல்டா நிறைவு (மாறிலிகள் டெல்டாவிலிருந்தே வருகின்றன என்ற ஊகம்) என்று சொல்லி இரண்டின் விகிதத்தை 1/4 என்று கட்டுகிறீர்கள். நான் வாசல் வழியாகக் கூட்டிவந்த டெல்டா உங்களிடம் கொல்லைப்புறமாக வருகிறது, அவ்வளவுதான். வளையங்களுக்குப் பரிமாண ஒழுங்காக்கம், விசைக்கு 500 மெகா எலக்ட்ரான்வோல்ட் கட்-ஆஃப் (உந்த வரம்பு): இதில் தொடர்ச்சிச் சமன்பாடு எப்படி நிற்கும்?

லூப்_கணக்கன்:
கடைசிக் கேள்வி நியாயமானது, மழுப்பப் போவதில்லை. ஆனால் பொருத்துவது ஒன்று, சோதிப்பது வேறு. கவர்வில் பொருத்திவிட்டு மூன்று நியூக்ளியான் கருக்களைக் கணியுங்கள். காந்தத் திருப்புத்திறன்: டிரைட்டான் 2.979, ஹீலியம்-3 −2.128 கரு மேக்னட்டான். வித்தியாசத்தில் பாதி 2.553. ஒற்றை நியூக்ளியான் கணக்கு அதில் 15 சதவீதம் போலக் குறையும். கட்-ஆஃபை 500-லிருந்து 600-க்கு நகர்த்தி விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால், பிழைக்குக் குறைந்தபட்ச மதிப்பாவது கிடைக்கும். உங்கள் முறையில் அதை எதைக் கொண்டு அளப்பது?

நிரல்_நோக்கி:
கேட்டவருக்கு: முதலில் நிரலைச் சோதியுங்கள். டியூட்டிரானின் ஐசோஸ்பின் பூஜ்யம். ஒரு பையான் மின்னோட்டத்தைச் சேர்த்தாலும் அதன் காந்தத் திருப்புத்திறன் 0.847-லிருந்து நகரவே கூடாது. நகர்ந்தால் ஐசோஸ்பின் செயலியில் பிழை. 0.857-ஐ எட்ட வேண்டிய மிச்சம் வேறு உறுப்புகளிலிருந்து வரும். சீகல் உறுப்பைப் (பையான் கிளம்பும் இடத்திலேயே ஃபோட்டான் சேர்வது) போட்டு, பறக்கும் பையானை (இடையில் செல்லும் பையானோடு ஃபோட்டான் சேர்வது) விட்டாலும் தொடர்ச்சிச் சமன்பாடு போய்விடும். பலர் வழுக்குவது இங்கேதான். பிறகு நியூட்ரானை டியூட்டிரான் கவர்வதைக் கணியுங்கள்: 0.508 மில்லிபார்ன். அலைச்சார்புகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருப்பதால் அங்கே ஒற்றை நியூக்ளியான் எம்1 அடங்கிவிடும், பரிமாற்றப் பங்கு பளிச்சென்று தெரியும்.

தீட்டா_பை:
நியூட்ரானை ஹீலியம்-3 கவர்வதையும் சேருங்கள், வெறும் 55 மைக்ரோபார்ன். கட்-ஆஃபை நகர்த்தியதும் அந்த எண் என்ன ஆகிறது என்பதையும் இங்கே போடுங்கள்.