மறு: டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாசனைத் திரவியத்தில் முதலில் எழும் மணத்தை டாப் நோட், நடுவில் வருவதை ஹார்ட் நோட், கடைசிவரை நிற்பதை பேஸ் நோட் என்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால், நீங்கள் எழுதிய யோசனைகளை மேற்கோள் காட்டி ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> மேற்குறிப்பு, இதயக்குறிப்பு, அடிக்குறிப்பு என்று வைத்தால் என்ன?

அடிக்குறிப்பு என்றதும் பக்கத்தின் அடியில் நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்தில் வருவதுதான் நினைவுக்கு வரும். அத்தர் டப்பாவில் 'அடிக்குறிப்பு: சந்தனம்' என்று அச்சடித்தால் வாங்குபவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இந்த 'நோட்' இசையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் செப்டிமஸ் பீஸ் என்பவர் வாசனைகளைச் சுரங்களைப் போல ஏறுவரிசையில் அடுக்கிக் காட்டினார். அந்த உவமையை நாமும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. தோலின் மேல் என்ன நடக்கிறதோ அதற்குப் பெயர் வைத்தால் போதும்.

நடப்பது ஆவியாதல்தான். வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய வாசனை வல்லுநர், பொருள்கள் ஆவியாகும் வேகத்தைப் பார்த்து 1 முதல் 100 வரை எண் கொடுத்தார். சீக்கிரம் பறப்பதற்குச் சிறிய எண், கடைசிவரை கிடப்பதற்கு 100. பச்சௌலி என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு 100. (அந்தப் பெயருக்குப் பல அகராதிகள் தமிழில்தான் வேர் காட்டுகின்றன. பிரெஞ்சுக்காரர் குப்பிக்குள் நம் சொல் உட்கார்ந்திருக்கிறது, நாமோ 'பேஸ் நோட்'டுக்குச் சொல் தேடுகிறோம்!)

கையில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசலாமே என்று, தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த வாசனைத் திரவியச் சாம்பிள் குப்பியைத் திறந்தேன். போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி, பிரெடெரிக் மால் நிறுவனத்துடையது, 2010இல் வந்தது. உருவாக்கியவர் டொமினிக் ரோப்பியோன். துருக்கி ரோஜாவையும் பச்சௌலியையும் தாராளமாகப் போட்டுச் செய்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு இடது மணிக்கட்டில் ஒரே சொட்டு. முதலில் ராஸ்பெர்ரி ஜாம் போலப் புளிப்பும் இனிப்பும், கூடவே கிராம்பின் காரம். ரோஜா பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. அரைமணி நேரத்தில் பழம் போய்விட்டது. சாப்பாட்டு வேளைக்கு ரோஜா நன்றாகக் கனத்து இறங்கியிருந்தது. மாலைக்கட்டு ரோஜா இல்லை இது, கருஞ்சிவப்பாக, கொஞ்சம் புகை ஏறிய ரோஜா. இருட்டியதும் பச்சௌலியும் குந்திரிக்கமும் சந்தனமும் மட்டும், பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. மறுநாள் துவைக்கப் போட்ட சட்டையின் கைமடிப்பில் அந்தப் பெட்டி இன்னும் திறந்தே இருந்தது.

> முதல் மணம், இடை மணம், கடை மணம்?

'முதல் மணம்' என்றால் கல்யாணத் தரகர்தான் வருவார். அடுத்து மறுமணமா என்று கேட்பார்கள். மணம் என்ற சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் எண்ணோடு சேர்க்காமல் இருப்பது நல்லது.

> ஹார்ட் நோட்டுக்கு 'இதயமணம்'. ரோஜாதானே இதயம்?

இங்கேதான் எனக்குப் பெரிய தகராறு. ரோஜா ஒரே தட்டில் உட்காருவதில்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் வரை இதழ் வேண்டும். அந்த எண்ணெயில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள். ரோஸ் ஆக்சைடு சட்டென்று பறந்துவிடும். சிட்ரோனெல்லோலும் ஜெரானியோலும் நடுவில் நிற்கும். பீட்டா டமாஸ்கெனோன் ஒரு சதவீதம்கூட இருக்காது, ஆனாலும் வெகுநேரம் ரோஜாவை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். பினைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரைவதால், காய்ச்சி வடிக்கும்போது பெரும்பகுதி பன்னீரோடு போய்விடும். பன்னீர் வாசமும் ரோஜா எண்ணெய் வாசமும் ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு காரணம். ஆகவே பொருளுக்குப் பெயர் வைக்க வேண்டாம், கட்டத்துக்கு வைப்போம்.

> அரும்பு, மலர், செம்மல் – பூவின் பருவப் பெயர்களையே எடுத்தால்?

படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அரும்பு கூச்சப்படும், டாப் நோட்டோ வாசலிலேயே கத்தும். தவிர செம்மல் என்பது வாடிய பூ. அதை எந்தக் கடைக்காரர் டப்பாவில் போடுவார்?

சரி, என் முன்மொழிவு: முந்துமணம், விரிமணம், தங்குமணம். மூன்றும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. என்ன செய்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "முந்துமணத்தில் ராஸ்பெர்ரியும் கிராம்பும், விரிமணத்தில் துருக்கி ரோஜா, தங்குமணத்தில் பச்சௌலியும் சந்தனமும்." நாக்கில் இடறவில்லை.

'டிரை டவுன்' வேறு, அதையும் பேஸ் நோட்டையும் சிலர் ஒன்றாக எழுதியிருந்தார்கள். அது பொருளல்ல, மணம் அடங்கித் தோலோடு ஒட்டும் கடைசிக் கட்டம். கோபம் அடங்குவதைப் போல இதுவும் அடங்குவதுதான் என்பதால் 'அடங்குநிலை' என்கிறேன். 'சியாஜ்' என்பது பிரெஞ்சில் கப்பல் போன பின் நீரில் கிடக்கும் தடம். இழையில் ஒருவர் 'மணத்தடம்' என்று எழுதியிருந்தார், அதையே வைத்துக்கொள்ளலாம். தாழம்பூ வைத்தவர் படியேறிப் போன பிறகும் படியில் நிற்குமே, அது.

விரிமணம் மட்டும் எனக்கே அரைமனசு. அறை முழுக்கப் பரவும் மணம் என்று எடுத்துக்கொண்டு மணத்தடத்தோடு யாராவது குழப்பிக்கொள்ளலாம். வேண்டுமானால் வெறும் நடுமணம் என்று வைக்கலாம், ஆனால் அப்போது வினைத்தொகை வரிசை உடைகிறது. அப்புறம் தேயிலை சுவைப்பவர்களும் காபிக்காரர்களும் இந்த மாதிரி நோட் பேசுகிறார்கள், அவர்களுக்கும் இதே சொல் பொருந்துமா? விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.