கொட்டாங்குச்சி அகப்பை: துளை போடும்போது விரிசல், காம்பும் ஆடுகிறது

வணக்கம். தேங்காய் மூடியில் சாம்பார் அகப்பை செய்கிறேன். காம்புக்குப் பழைய ஒட்டடைக்கம்பு மூங்கில். துளை பாதி இறங்கும்போதே ஓடு விளிம்புவரை பிளக்கிறது. பிளக்காமல் தப்பியதில், ஊறவைத்த மூங்கிலை இறுக்கிச் சொருகினேன். ஒரு வாரத்தில் லொடலொட. எம்-சீல் வைத்து ஒட்டலாமா?

பதில் 1

எம்-சீல் வேண்டாங்க. கொதிக்கிற குழம்பில் முங்குகிற இடத்தில் எந்தப் பசையும் கூடாது.

முதலில் ஓடு. நன்றாக முற்றிய காயில், கண் இல்லாத மூடியை எடுங்க. அரிவாளால் உடைத்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், துளை போடும் அதிர்வில் அதுதான் பிளந்துகொண்டு போகும். அதனால் ஹேக்சா பிளேடால் விளிம்பைச் சுற்றி அரை செ.மீ. அறுத்துத் தள்ளிடுங்க.

வெளியே நாரைச் சுரண்டினால் மூன்று வரிகள் மேடாகத் தெரியும். காம்பு ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் வெளிவர இரண்டு துளை வேண்டும், இரண்டுமே அந்த வரிகள்மேல் விழக்கூடாது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: இரண்டு வரிக்கு நட்டநடுவில் ஒரு துளை போட்டால், எதிர்த்துளை நேராக மூன்றாவது வரிமேல் உட்காரும். ஒரு வரியிலிருந்து, இடைவெளியில் கால் பங்கு தள்ளிக் குறியுங்க. எதிர்ப்பக்கமும் தானாக வரியைவிட்டு விலகிடும். விளிம்பிலிருந்து 1 செ.மீ.க்குக் குறையாமல் கீழே இருக்கட்டும்.

ட்ரில்லில் சுத்தியல் மோடு (தட்டித் தட்டித் துளைப்பது) அணைத்திருக்கணும். உள்ளே மரக்கட்டை முட்டுக் கொடுத்து, 3 மி.மீ. பிட்டில் மெதுவாக, அழுத்தாமல். பிறகு 6 மி.மீ. அதற்குமேல் ட்ரில் வேண்டாம், உருண்டை அரத்தால் ராவிப் பெரிதாக்குங்க.

பதில் 2

காம்பு ஆடுவதற்குக் காரணம் ஊறவைத்ததுதான். ஈர மூங்கில் உப்பியிருக்கும். காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். நன்கு காய்ந்ததையே சொருகணும். தாள் நுழைகிற அளவு தளர்வு இருந்தால் போதும், குழம்பில் நனைந்ததும் உப்பித் தானே பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்து இறக்கினால் அந்த உப்பலே ஓட்டைப் பிளக்கும்.

அளவு: நீளம் 35 செ.மீ., கைப்பக்கம் 2 செ.மீ. அகலம், நுனி 8 மி.மீ. வரச் சீவுங்க. கைப்பக்கத் துளை 12 மி.மீ., எதிர்த்துளை 8. நுனி வெளியே 1 செ.மீ. நீட்டியிருக்கணும், அதில் 2 மி.மீ. துளையிட்டு மூங்கில் சிம்பு ஒன்றைக் குறுக்கே ஆணியாகச் சொருகினால் கழன்று வராது. கம்பில் பெயிண்ட் இருந்தால் அதைச் சமையலுக்கு எடுக்காதீங்க.

கேட்டவர்

நன்றி. இன்னொன்று: பழைய அகப்பையில் கரும்புள்ளி பூஞ்சை வருகிறதே?

பதில் 1

வெளிநார் மிச்சம் இருந்தால் ஈரம் அதில்தான் தங்கும். உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்துவிட்டு (கையுறை அவசியம்) 80, 120, 220 என உப்புத்தாள் போடுங்க. வார்னிஷ் வேண்டாம். நல்லெண்ணெய் துளி தடவி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துடணும், இல்லையென்றால் சிக்கு வாடை வரும்.

முதல் உபயோகத்துக்கு முன் உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்க. இந்தக் கட்டத்தில் விரிசலில் நீர் கசிகிற மூடியைக் கழித்துவிடலாம்.

பதில் 2

கழுவியதும் நிழலில், காம்பு மேலே இருக்கத் தொங்கவிடுங்க. உச்சி வெயிலில் காயவைத்தால் நல்ல ஓடும் வெடிக்கும். புள்ளி ஓட்டுக்குள் இறங்காமல் மேலாக இருந்தால் 120 உப்புத்தாளிலேயே போய்விடும். மூங்கிலில் என்றால் காம்பை மாற்றுங்க.