கேமே இல்லை என்று அடம்பிடித்த கேமும் எங்கள் ஆச்சியும்

‘தேர் இஸ் நோ கேம்: ராங் டைமென்ஷன்’ விளையாடியவர்கள் பெரும்பாலும் அது எப்படிச் சிரிக்க வைத்தது என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கேம் என்றாலே எழுந்து போய்விடுகிற எங்கள் வீட்டு ஆட்கள் இதை உட்கார்ந்து பார்த்தார்கள், அதோடு வாதாடவும் செய்தார்கள்.

பாளையங்கோட்டை வீட்டில் லேப்டாப்பை டிவியில் மாட்டித்தான் விளையாடினேன். ஆரம்பத்திலேயே ஒரு குரல், ‘இங்கே கேம் எதுவும் இல்லை, கிளம்பு’ என்கிறது. போகாமல் திரையில் எதையாவது தொட்டால் கோபப்படுகிறது. தலைப்பில் இருக்கிற எழுத்தே பெயர்ந்து வந்து நமக்கு உதவும்.

ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தக் குரல் பேசப் பேச நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“ஏல, அவன்தான் போங்கான்லா, நீ எதுக்குக் கெடந்து நோண்டுத?” என்றாள் முதலில். கொஞ்ச நேரத்தில் கட்சி மாறிவிட்டாள். “அவன் எதையோ ஒளிச்சி வச்சிருக்காம்ல. எதத் தொட்டா கத்துதானோ, அதயே தொடு.”

அந்தத் தொடக்கப் பகுதிக்கு அதுதான் சரியான வழி! ‘தொடாதே’ என்பதே அங்கே துப்பு. கேம் பக்கமே போகாத ஆச்சிக்கு இது எப்படிப் பிடிபட்டது என்று நிறைய யோசித்திருக்கிறேன். சின்ன வயதில் அவள் ஊர்க் கோயில் கொடைகளில் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவள். ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்கிற கோமாளிகள் வந்து கதையை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். திரைக்குள் இருக்கிறவன் நம்மைப் பார்த்துப் பேசினால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் பழகிய விஷயம்.

அப்புறம் ஷெர்லாக் ஹோம்ஸ் வருகிற பகுதி. அது திரையில் இருக்கிற பொருட்களை மவுஸால் கிளிக் செய்து புதிரை அவிழ்க்கிற பழைய ‘பாயின்ட் அண்ட் கிளிக்’ பாணி, அதை அத்தான் பார்த்துக்கொண்டார். வீட்டில் பெரிய ரகளை நடந்தது இலவச கேம்களைக் கிண்டல் செய்கிற இடத்தில்தான். விளையாட விடாமல் விளம்பரமாக வந்து விழும், காசு கேட்கும். நாள் முழுக்க போனில் இதே மாதிரி கேம்கள் விளையாடுகிற சித்தி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “இதுக்குத்தாம்ல நான் தெனமும் ஏசுதேன்!” என்றாள் சித்தி. அவனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

பிரான்ஸைச் சேர்ந்த பாஸ்கல் கம்மிசோட்டோ 2015-ல் ஒரு கேம் ஜாமுக்காக, அதாவது குறுகிய காலத்தில் கேம் செய்து காட்டுகிற போட்டிக்காக, சின்னதாகச் செய்ததுதான் இதன் மூலம். முழு கேம் 2020-ல் வந்தது. நம்மை விரட்டுகிற அந்தக் குரலும் அவருடையதே. ஒருவர் சின்னதாகத் தொடங்கி, அதில் தானே பேசி, பாளையங்கோட்டையில் ஓர் ஆச்சியை வாதாட வைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

போனிலும் கிடைக்கிறது. ஆனால் முடிந்தால் பெரிய திரையில், நாலு பேரோடு, சத்தமாக வைத்து விளையாடுங்கள். விடை தேடி யூடியூப் பக்கம் போகாதீர்கள். புதிர் தெரிந்துவிட்டால் பாதி ருசி போய்விடும். அதனால்தான் போன லீவில் மவுஸை மதினியிடம் கொடுத்துவிட்டேன். “நீ வாயத் தொறக்கப்பிடாது” என்று ஆச்சி முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள். ஆனால், மதினிக்குத் துப்புச் சொன்னதெல்லாம் அவள்தான்.